பாயோடு ஒட்டிய மூன்று நாள்

மட்டக்களப்புக்குப் போகிறேன் என்றதும் கொழும்பு நண்பர் சிரித்தார். "அங்க சோத்தப் போட்டுப் பாயோட ஒட்ட வச்சிடுவாங்களாம், கவனம்." நானும் சிரித்து வைத்தேன்.

அப்பாவின் முதல் திதிக்குள் மதுரை திரும்ப வேண்டும். நான் ஒரே பிள்ளை. அதுவரை மீன், கறி தொடுவதில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். வந்த வேலை முடிந்து ஒரு பகல் மிச்சமிருந்தது. சும்மா கிடக்க மாட்டாமல், ஊரை ஒட்டிய வாவிக்கு மேற்கே மழைக்காலத்தில் மட்டும் விழும் அருவியைப் பார்க்க ஆட்டோ பிடித்தேன்.

அருவி தேநீர் நிறத்தில் விழுந்தது. நனைந்து திரும்பும் வழியில் ஆட்டோக்காரர் தன் அக்கா வீட்டில் நிறுத்தினார். மழை வலுக்கிறது, போய்விடலாம் என்றேன். அக்கா விடவில்லை.

"வீட்டுக்கு வந்திட்டுச் சோறு தின்னாமப் போறதோ தம்பி? இருங்க."

மீன் வேண்டாம் என்றதும் சட்டியை இறக்கிவிட்டு, தேங்காய்ப்பால் விட்டு முருங்கையிலைச் சொதி புதிதாக வைத்தார். எருமைத் தயிரும் வந்தது. ருசிதான், மறுக்கவில்லை. கை கழுவும்போது செய்தி வந்தது: குளம் நிரம்பி வான் பாய்கிறது, வழிந்த வெள்ளம் பாதைக்கு மேலே ஆளுயரம்.

இரவு பஸ் போயிற்று. மறுநாள் விமானமும் போயிற்று. காலையில் பிட்டு, மதியம் சோறு, இரவு மறுபடி பிட்டு. மழை விட்டபோதெல்லாம் பாதை முனைவரை போய்ப் பார்த்துவிட்டு அதே பாய்க்குத் திரும்பினேன். அக்கா தட்டை நீட்டும்போதெல்லாம் எரிச்சலாக வந்தது. அந்தச் சொதிக்காகக் காத்திராவிட்டால் கடந்திருப்பேன். அன்புக்கும் ஓர் அளவு வேண்டாமா?

திதியன்று காலை அம்மாவை அழைத்தேன். "நானே இலை போட்டுக்கறேன். நீ தண்ணில இறங்கிராதப்பா" என்றாள். போனை வைத்ததும் அழுதுவிட்டேன். அக்கா அருகில் வந்து விஷயம் கேட்டார்.

"அப்பாக்கு என்ன விருப்பம் தம்பி?"

"விரால் மீன். கடைசி வருஷம் டாக்டர் வேண்டாமென்றுவிட்டார். கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தார்."

"அப்ப அதத்தான் வைக்கோணும்."

"திதிக்கு மீனா?"

"எங்கட வீட்டில அவங்கட விருப்பத்தத்தான் படைக்கிற. ஆசயோட போன மனிசனுக்குப் பூசணிக்காயோ?"

ஆட்டோக்காரர் வலையோடு இறங்கினார். என்னை மறித்த அதே வெள்ளத்தில்தான் விராலும் ஏறி வந்திருந்தது. பாதையை மறந்து, வாழையிலை நறுக்கினேன். அக்கா குழம்பை ஊற்றியதும் கை கூப்பினேன். பிறகு உட்கார்ந்து அந்த இலையிலேயே சாப்பிட்டேன்.

மாலையில் அம்மா போனில் கேட்டாள். "அங்க ஏதாச்சும் படைச்சியா?"

"விரால் குழம்பும்மா."

திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"காரமா வச்சாங்களா?" என்றாள். "அவருக்குக் காரம் தூக்கலா இருக்கணும்."