தாய்மாமன் சீராக வந்த பெரிய டி.வி.

என் மூத்த மகளுக்குக் காது குத்திய அன்று, அவளுடைய தாய்மாமனான என் அண்ணன் சீராக ஒரு டி.வி.யைக் கொண்டுவந்து இறக்கினார். எண்பதுகளின் நடுவில் நடந்த கதை இது. போடியில் அப்போது டி.வி. இருந்த வீடுகளே குறைவு. அதிலும் இது ஊரில் யாரும் பார்த்திராத ரகம். என் தோள் உயரத்துக்கு ஒரு பெட்டி, பீரோ அகலம். அடியில் ஒரு முழம் மரம், அதற்கு மேலே பெரிய திரை. உள்ளே மூன்று விளக்குகள் இருந்தன. அவை படத்தை ஒரு கண்ணாடியில் அடிக்க, அது திரும்பித் திரையின் முதுகில் விழும். சினிமாக் கொட்டகையில் வெளிச்சம் நமக்குப் பின்னாலிருந்து வரும். இதில் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது.

அண்ணன் போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தார். தோட்டத்து முதலாளி பங்களாவுக்காக வெளிநாட்டிலிருந்து வரவழைத்த டி.வி. இது. பங்களா இருந்த மலைப்பள்ளத்துக்குள் எந்த ஆன்டெனாவுக்கும் படம் எட்டவில்லை, வெறும் புள்ளிதான். முதலாளி சலித்துப்போய் விற்க நினைத்தபோது அண்ணன் முந்திக்கொண்டார். இரண்டு கம்பளியைச் சுற்றி, ஜீப்பின் பின்னால் ஏற்றி, மெட்டிலிருந்து அடிவாரம் வரைக்கும் அத்தனை வளைவிலும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார். வந்து இறங்கியபோது சட்டையெல்லாம் மண், முகமெல்லாம் சிரிப்பு.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு பழைய காயம் உண்டு. என் கல்யாணத்தில் பிறந்த வீட்டுச் சீர் மெலிவு என்று என் நாத்தனார் ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டார். சிலமலையில் நாங்கள் சின்னக் குடும்பம், புகுந்த வீடோ ஏலக்காய் வியாபாரிகள். அந்தப் பேச்சு ஒவ்வொரு விசேஷத்திலும் புதுத்துணி கட்டிக்கொண்டு வந்து நிற்கும். நானும் வாயை மூடிக்கொண்டு பந்தி பரிமாறுவேன். உள்ளுக்குள் கொதிக்கும்.

அன்று காது குத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் அண்ணன் என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டுச் சொன்னார்: "இந்தத் தடவையும் சபையில எவளாச்சும் மூக்கைச் சுளிச்சா, இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் தாயி. ஒன்னைய பாக்கணும்னா நீதான் சிலமலைக்கு வரணும்."

சொன்னதைச் செய்கிற ஆள் அவர். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்று இருந்ததே அவர் ஒருத்தர்தான்.

காது குத்தி முடிந்ததும் சீரைச் சபையில் வைத்தார்கள். அண்ணன் பெட்டியைத் தரையில் வைக்கப் போக, மாமனார் தடுத்தார். "சபைச் சீரைத் தரையில வைக்கப்படாது அப்பு. ஒசத்தி வையி, நாலு பேரு பாக்கட்டும்."

அண்ணனுக்கும் அதுதான் பெருமை. ஏலக்காய் அடைக்கிற மரப்பெட்டிகளை நெஞ்சு உயரத்துக்கு அடுக்கினார்கள். மேலே ஜமுக்காளம் விரித்து, ஆறு பேர் தூக்கி, டி.வி.யை அதன் உச்சியில் ஏற்றினார்கள். சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, பெட்டியின் தலையில் ஒரு மாலையும் போட்டார்கள். கூடத்து உத்தரத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு பல்லி போகத்தான் இடம் இருந்தது. சாமி மாதிரி அண்ணாந்து பார்க்க வேண்டியதாயிற்று. எல்லோருக்கும் பரம திருப்தி.

வாடகைக்கு எடுத்து வந்த வீடியோ டெக்கில் ஒரு சினிமா கேசட்டைப் போட்டார் அண்ணன். கூடம் மூச்சு விடாமல் பார்த்தது. படம் வந்தது. வந்ததா? சத்தம்தான் கணீரென்று வந்தது. திரையில் ஏதோ கருகலாக அசைந்தது. ஆணா பெண்ணா என்று குரலை வைத்துத்தான் தெரிந்தது.

நாத்தனார் தூண் ஓரமாக நின்றிருந்தார். ராசிங்காபுரத்தில் வாழ்க்கைப்பட்டவர், வாய்க்கு அங்கேயும் பேர் போனவர். "யாத்தே, இதென்ன பொகைக்குள்ள பொம்மை ஆடுது?" என்றார். பொம்பளைகள் கூட்டம் குலுங்கிச் சிரித்தது. "தோட்டத்துக்காரன் வேணாம்னு தள்ளிவிட்டதை நம்ம தலையில கட்டிட்டாரு ஒங்கண்ணன்!"

வெளிச்சம் அதிகம் என்று யாரோ சொல்ல, சன்னல்களில் சாக்கைக் கட்டினார்கள். கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்து கிட்டே போனார், எட்டி வந்தார். கண்ணைச் சுருக்கி, வியாபார ஏலத்தில் ஏலக்காய்ச் சாம்பிள் தட்டைப் பார்க்கிற பார்வை பார்த்தார். கடைசியில் தீர்ப்புச் சொன்னார்: "காயி பெருசுதான். நெறம் இல்லையே அப்பு."

பச்சைக் காயைத் தவிர வேறெதையும் மதிக்காத மனுஷர் அவர். அவர் நிறம் இல்லை என்று சொன்னால் அந்தச் சரக்கை மூட்டை கட்ட வேண்டியதுதான். அண்ணன் முகம் செத்துப்போயிற்று. என் வீட்டுக்காரரிடம் மெல்லச் சொன்னார்: "மாப்ளே, ஜீப்பைத் திருப்பச் சொல்லுங்க. இதை எடுத்துட்டுப் போயிர்றேன். வேற சீரு பெறகு அனுப்பிவிடுறேன்."

'கொண்டாறேன்' என்று அவர் சொல்லவில்லை, 'அனுப்பிவிடுறேன்' என்றார். இனி அவர் இந்த வாசலுக்கு வரப்போவதில்லை. "சாப்ட்டுப் போங்கண்ணே" என்றேன். "மேல சோலி கெடக்கு" என்று செருப்பைத் தேடினார்.

அந்த நேரம் பார்த்து மாமியார், மேல் சன்னலில் இன்னும் வெயில் அடிக்கிறது, மச்சிலிருந்து ஒரு போர்வை எடுத்து வா என்றார். அழுகையைக் காட்டாமல் இருக்க எனக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது. விறுவிறுவென்று மச்சுப்படி ஏறினேன். பாதிப் படியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு கூடத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

அம்மாடி! திரையில் ஒரு பொண்ணு பச்சைப் பட்டுக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். அதன் சரிகை மின்னுகிறது. மேலுதட்டில் வேர்வை பூத்திருப்பது தெரிகிறது. அந்தப் பட்டு, அப்போதுதான் காய வைத்து எடுத்த ஏலக்காய்ப் பச்சை. கொட்டகையில்கூட அப்படி ஒரு நிறத்தை நான் பார்த்ததில்லை. கண்ணைக் கசக்கிவிட்டு இரண்டு படி மேலே ஏறினேன், மங்கிற்று. இரண்டு படி இறங்கினேன், பளிச்சென்று வந்தது. இன்னும் இறங்கினேன், மறுபடி இருட்டு.

விஷயம் புரிந்துவிட்டது. திரை நம் கண்ணுக்கு நேரே இருந்தால்தான் படம் தெரியும். ஏற்றமாகவோ இறக்கமாகவோ பார்த்தால் ஒன்றும் தெரியாது. உயரத்தில் வைத்து மரியாதை செய்கிறோம் என்று நாங்களே அதன் கண்ணைக் கட்டியிருக்கிறோம்.

"எறக்குங்க!" என்று படியிலிருந்தே கத்தினேன். மாமனார் இருக்கும் இடத்தில் அதுவரை நான் குரலை உயர்த்தியதில்லை. கூடமே திரும்பிப் பார்த்தது. "அதைத் தரையில எறக்கி வைங்க! எல்லாரும் தரையில உக்காருங்க!"

"சீரைத் தரையிலயா? என்ன ஆத்தா பேசுற?" என்றார் மாமனார்.

"மாமா, ஒரே ஒரு தடவை எறக்கிப் பாப்போம். நல்லால்லைனா நானே ஜீப்புல ஏத்திவிட்டு அண்ணன்கூட போயிர்றேன்."

கோபத்தில் வந்த வார்த்தை. ஆனால் பொய்யில்லை. என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார், வேட்டியை மடித்துக் கட்டினார். "வாங்கடா, ஒரு கை பிடிங்க. வெரசா!" என்றார். அன்றைக்கு அவர் செய்த ஒரே நல்ல காரியம் அது.

பெட்டி தரைக்கு வந்தது. முன்னால் பாயில் இருந்த பெண்களும் பிள்ளைகளும் ஒரே குரலில் "ஆ!" என்றார்கள். அப்புறம் ஒருத்தரும் வாயை மூடவில்லை. "அந்தச் சேலையப் பாருடி!" "மூக்குத்திக் கல்லுகூடத் தெரியுதே!" நான் படியிலேயே உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன், இரண்டும் சேர்ந்து வந்தது. செருப்புக்குள் ஒரு காலை விட்டிருந்த அண்ணன் அப்படியே நின்றார்.

நாற்காலியில் இருந்த ஆண்கள்தான் முழித்தார்கள். "எங்கம்மா? எங்களுக்கு மசமசன்னுதானே இருக்கு!" மாமனார் கழுத்தை நீட்டிப் பார்த்தார், குனிந்து பார்த்தார். பேரன் ஒருத்தன் "கீழ வாங்க தாத்தா" என்று துண்டைப் பிடித்து இழுத்தான். பொம்பளைகள் இருக்கிற பாயில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அன்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, அவர்களுக்கு நடுவில் சம்மணம் போட்டார். நிமிர்ந்து திரையைப் பார்த்தார்.

"அடேயப்பா," என்றார். "இதுல்ல நெறம்! மொத ரகம்ப்பா!" பிறகு அண்ணனைத் திரும்பிப் பார்த்து, "அங்க என்ன நிக்கிற? சாப்பாடு ஆறுது, போயி சாப்புட்டு வந்து எம்பக்கத்துல உக்காரு" என்றார்.

அண்ணன் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். நான்தான் பரிமாறினேன், நெய்யை அளக்காமல் ஊற்றினேன்.

அந்த டி.வி. எங்கள் வீட்டில் பல வருஷம் ஓடியது. குறை இல்லாமல் இல்லை. பகலில் சன்னலை அடைக்க வேண்டும். பக்கவாட்டில் உட்கார்ந்தவருக்குப் பாதிப் படம்தான். கரண்டு ஏறி இறங்கினால் முகங்களுக்குச் சிவப்பும் நீலமுமாக ஓரம் கட்டும். திருகைத் திருகித் திருகி என் வீட்டுக்காரர் பாதிப் படத்தைத் தின்றுவிடுவார். இருந்தாலும், யார் வந்தாலும் தரையில் உட்கார்ந்துதான் பார்த்தாக வேண்டும் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். வங்கி மேனேஜர் பேண்ட்டோடு சம்மணம் போட முடியாமல் தவித்ததை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும்.

ஆனால் அந்த நாள் இன்னும் முடியவில்லை. நாத்தனார் மட்டும் தூணை விடாமல் நின்றிருந்தார். "எனக்கு இன்னமும் இருட்டாத்தான் தெரியுது" என்றார்.

"ஓரமா நின்னா எப்படித் தெரியும் மதினி? இங்க வந்து நடுவுல உக்காருங்க" என்று பாயில் இடம் விட்டேன். வேண்டா வெறுப்பாக வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் கண்ணை எடுக்கவில்லை. ஒரு பாட்டு முடிந்தது, அடுத்ததும் முடிந்தது. எனக்கு ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று நாக்கு அரித்தது. "என்ன மதினி, எங்கண்ணன் சீரு எப்படி?"

அவர் திரையைப் பார்த்தபடியே தன் தம்பியை, அதாவது என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

"ஏப்பா தம்பி, வர்ற தையில என் மகளுக்கும் காது குத்தப் போறேன். தாய்மாமன் நீதானே? இதைவிட ஒரு சாண் பெருசா இருக்கணும், சொல்லிப்புட்டேன்."

கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. என் வீட்டுக்காரர் பரிதாபமாக என்னைப் பார்த்தார். நான் ஏன் விடப்போகிறேன்?

"எங்கண்ணனைக் கேளுங்க," என்றேன். "எங்க வாங்கணும்னு சொல்லுவாரு."