முதலாளியை ஏற்ற வந்த வண்டி

கறிக்கடை அக்கா வயிற்று வலிக்கெல்லாம் மசிகிற ஆள் இல்லை. வலது விலாவுக்குக் கீழே பாரமாக அழுத்தினால் ஒரு சோடாவைக் குடித்துவிட்டு மறுபடி கத்தியை எடுப்பாள். குளிர்காய்ச்சலோடு கண்ணும் மஞ்சளித்த பிறகுதான் தம்பியால் அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போக முடிந்தது.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "ஈரல்ல பெரிய நீர்க்கட்டி. புழுவால வந்தது. அது பித்தக்குழாய்க்குள்ள உடைஞ்சு அடைச்சிருக்கு, அதான் மஞ்சக்காமாலை. ஆபரேஷன் பண்ணியே ஆகணும். வீட்டுல நாய் இருக்கா?"

"இருக்கு. இன்னைக்கே தொலைச்சிடறேன்," என்று தம்பி முந்திக்கொண்டான்.

அக்காவுக்கு வந்ததே கோபம். கடை வாசலில் ராஜாங்கமாகப் படுத்திருக்கும் அந்த நாய்க்கு முதலாளி என்றுதான் பெயர். அவள் பேச்சுக்குக் காது கொடுக்கிற ஒரே ஜீவனும் அதுதான்.

"அதுக்கு எப்படிப் புழு வந்துச்சு டாக்டர்?"

"ஆட்டு ஈரல்ல தண்ணிக் கொப்புளம் பாத்திருப்பீங்களே, அதை நாய் பச்சையா தின்னா அதுக்குப் புழு வரும். அப்புறம் நாயோட கழிவுல முட்டை வந்து, உங்க கை வழியா வாய்க்குப் போகும்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி சுவரைப் பார்த்தான். கொப்புளத் துண்டை அரிந்து முதலாளிக்கு வீசுவது இருவருக்குமே வழக்கம்.

"நான் வர்றப்போ அது வாசல்ல இருக்கணும்," என்று சொல்லிவிட்டுத்தான் மயக்க ஊசிக்குக் கை நீட்டினாள்.

கட்டிநீர் சிந்தினால் புதுக்கட்டி முளைக்குமாம். உப்புநீரில் நனைத்த துணியால் சுற்றிலும் அணை கட்டி, நீரை உறிஞ்சி, உள்சவ்வை உரித்தெடுத்தார்கள். பித்தக்குழாய் அடைப்பையும் நீக்கினார்கள். பித்தம் கசிவது மட்டும் நிற்பேனா என்றது. அது வடிய இடுப்பில் மாட்டிய குழாயும் பையுமாக வெளியே வந்தவள், ஓய்வெடுக்கச் சொன்னதைக் காற்றில் விட்டுவிட்டு நேரே கடைக்குப் போனாள்.

முதலாளி பின்பக்கத் தூணில் கட்டுண்டு கிடந்தது.

"நாய் பிடிக்கிற வண்டி வந்துட்டிருக்குக்கா. உன் உயிரையே எடுக்கப் பாத்த நாய் இது," என்று பேசிக்கொண்டே தம்பி ஈரலை அரிந்தான். ஒரு துண்டில் கொப்புளம். வாய் நாயைத் திட்டிக்கொண்டிருக்க, கை தானாக அதைச் சீவி நாய்க்கே வீசியது.

அக்கா விழுந்த துண்டைச் செருப்புக் காலால் மிதித்தாள்.

"வண்டி வரட்டும்டா. நாயோட உன் கையையும் ஏத்தி அனுப்பறேன். நானும் வீசினவதான், என் கையும் போகட்டும். அப்புறம் யாரு கடை நடத்துறதுன்னு பாப்போம்."

அவள் அந்தத் துண்டை அள்ளிக் கொதிக்கும் அண்டாவில் போட்டாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, கறிக்கத்தியால் கயிற்றை அறுத்தாள். வழியில் வாங்கி வந்த புழு மாத்திரையை வெந்த கறியில் பொதித்து நாய்க்குக் கொடுத்தாள். டாக்டர் கொடுத்த தன் மாத்திரையைத் தானும் விழுங்கினாள்.

வண்டிக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "ஏம்மா, நாய் எங்க?"

"நாயா? முதலாளி வாசல்ல உக்காந்திருக்காரு. நீங்க கிளம்புங்க."