அவள் கேட்ட மூன்று கேள்விகள்

நம்புகிறவர்கள் நம்புங்கள், சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். அந்தச் சாயங்காலம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான்தான். கதை கட்டிப் பிழைக்கிற அவசியம் எனக்கு இல்லை.

சாகத் தோன்றுகிறவர்கள் கூப்பிடுகிற உதவி எண்ணில் நான் தன்னார்வலர். தையல்கடைக்கு மேலே இரண்டு அறை, மூன்று போன், எப்போதும் ஆறிப்போன காபி. டாக்டரிடம் சிகிச்சையில் இருப்பவர்களும் எங்களைக் கூப்பிடுவார்கள். டாக்டரை வாரம் ஒருமுறைதான் பார்க்க முடியும். மனசு என்ன, டோக்கன் வாங்கிக்கொண்டா கலங்குகிறது?

எங்களுக்கு நான்கு கேள்விகள் உண்டு. எங்கே இருக்கீங்க? பக்கத்துல யாராவது இருக்காங்களா? உங்களைக் காயப்படுத்திக்கிற மாதிரி ஏதாவது கைக்கெட்டுற தூரத்துல இருக்கா? அதை அப்புறப்படுத்த முடியுமா? எங்களுக்குப் பயிற்சி கொடுக்கும் நர்ஸ் அக்கா போட்ட வரிசை இது. வேறு எங்கும் இப்படிக் கேட்க மாட்டார்கள். தூக்கத்தில் எழுப்பினாலும் நாங்கள் ஒப்பிப்போம்.

மணி ஆறு நாற்பது. போன் அடித்தது. நடுவயது ஆண் குரல்.

"என்னால முடியலைங்க. அவ என்னைச் சாக விட மாட்டேங்கறா."

"யாருங்க?"

"என் பொண்டாட்டி."

அப்பாடா, கூடவே ஆள் இருக்கிறது என்று எனக்கு உயிர் வந்தது. முதல் கேள்விக்கு வாயைத் திறந்தேன்.

"எங்கே இருக்கீங்க?"

கேட்டது நான் இல்லை...

போனுக்குள் ஒரு பெண். நாங்கள் பழகி வைத்திருக்கிற அதே நிதானம், அதே கனிவு. கூப்பிட்டவர் வீட்டு எண், தெரு, மாடி எல்லாவற்றையும் பள்ளிப்பிள்ளை போல அவளிடம் ஒப்பித்தார். நான் எழுதி, பக்கத்தில் இருந்த நர்ஸ் அக்காவிடம் நீட்டினேன். ஆபத்து என்றால் வீட்டுக்கே போவது அவர்தான். டிரைவரைக் கூப்பிட்டுக்கொண்டு படியிறங்கினார்.

"பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"நீ இருக்க..." அவர் அழுதார்.

வேறு லைன் கலந்துவிட்டதோ? மற்ற இரண்டு போனையும் பார்த்தேன். வைத்தது வைத்தபடி இருந்தன. அறையில் நான் மட்டும்தான்.

"கைக்கெட்டுற தூரத்துல ஏதாவது இருக்கா?"

"எங்க இருக்கு? எல்லாத்தையும் எடுத்துட்டியே... நேத்து வாங்கினதையும் எடுத்துட்டியே..."

"நல்லது."

அந்தச் சொல்லில் கனிவு இல்லை.

"அம்மா, நீங்க யாரு?" என்றேன்.

கிர்ர்ர்... நாற்காலியை இழுக்கும் சத்தம். அவர் வீட்டிலா, என் அறையிலா?

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தேன்.

குரல் நிற்கவில்லை.

"நாலாவது தேவையில்லைங்க."

என் காதோரம்...

"நானே அப்புறப்படுத்திட்டேன்."

ஏழு இருபதுக்கு நர்ஸ் அக்காவின் போன் வரும்வரை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஆள் பிழைத்துவிட்டார், மேலில் ஒரு கீறல் இல்லை என்றார். அழைப்பு மணி அடித்ததும் ஒல்லியான ஒரு பெண்தான் கதவைத் திறந்து, "வாங்க, உள்ள இருக்காரு" என்றாளாம். இவர்கள் உள்ளே போனபின் அவளைக் காணோம். தலை வாரி, சட்டை மாற்றி உட்கார்ந்திருந்தவர் அக்காவின் காலைக் கட்டிக்கொண்டு, "என்னைக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று கதறினாராம்.

ஆஸ்பத்திரியில் அக்காவிடம் எல்லாவற்றையும் கக்கினான். ஆமாம், இனி அவனுக்கு மரியாதை கிடையாது. போன வருடம் அவன் மனைவி எங்கள் எண்ணைக் கூப்பிட்டிருக்கிறாள். அன்று பேசியது நர்ஸ் அக்காவேதான். எங்கே என்றதற்கு அவள் "வீட்லதான்" என்று மட்டும் சொன்னதால் அக்காவால் போக முடியவில்லை. மூன்று கேள்வி முடிந்து நான்காவதைக் கேட்பதற்குள் இவன் போனைப் பிடுங்கி, "இவளுக்கு ஒண்ணும் இல்ல, நடிக்கிறா" என்று வைத்துவிட்டான். அவளை அறைக்குள் தள்ளி, வெளியே பூட்டிக்கொண்டு சினிமாவுக்குப் போனான். வந்து திறந்தபோது உயிர் இல்லை. கதவைத் திறந்தவளின் குரலை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது என்று அக்கா அப்போதுதான் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து, அவன் எப்படி இருக்கிறான் என்று வார்டுக்குப் போன் செய்தேன். டியூட்டியில் இருந்த பெண் எடுத்தாள்.

"உடம்புக்கு ஒரு குறையும் இல்லைங்க. இன்னும் நாப்பது வருஷம் இருப்பாருன்னு டாக்டர் சொல்றாரு. சம்சாரம் கூடவே இருக்காங்களே! வந்ததுலேர்ந்து கண்ணு மூடல, ஒரு நிமிஷம் அவரைத் தனியா விட மாட்டேங்கறாங்க. இப்படி ஒரு பாசத்தை நான் பார்த்ததே இல்லைங்க."

அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் மனசு வரவில்லை. "நல்லா பார்த்துக்கச் சொல்லுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.