இறக்கைக்குக் கீழே சிமென்ட் கட்டை

காலை ஆறு நாற்பத்திரண்டு. தம்பி சமையலறை வாசலில் நின்று போனை என் பக்கம் நீட்டினான். முதலில் கண்ணில் பட்டது ஒரு விமானத்தின் வால். புதுப் பெயிண்ட், ஈரம் காயாததுபோல் மின்னியது. பிறகு இறக்கை. எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் மஞ்சள் பூசிய கட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தன.

"இது என்னது?" என்றேன்.

"சிமென்ட் கட்டை. எஞ்சின் இல்லாம நிறுத்தினா எடை சரியா நிக்காது. அதுக்காக்கும் தொங்கவிட்டிருக்கு."

"அப்பம் எஞ்சின்?"

"இல்ல எக்கா."

போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அது. ஐதராபாத் வேலை வேண்டாம் என்று அவன் பதில் அனுப்பி மூன்று நாள் ஆகியிருந்தது. வேண்டாம் என்று எழுதச் சொன்னவள் நான்.

தம்பி விமானப் பராமரிப்பு எஞ்சினியர். வயது முப்பத்தொன்று. அவன் வேலை செய்த கம்பெனி முந்தைய ஆண்டு மே மாதக் கடைசியில் பறப்பதை நிறுத்தியது. விமானங்களைக் குத்தகைக்குக் கொடுத்தவர்கள் வந்து ஓட்டிக்கொண்டு போனார்கள். இவன் ஒரு பெட்டியும் ஒரு டூல் பையுமாக எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள தனுவச்சபுரம் ஸ்டேஷனில் வந்து இறங்கினான். அடுத்த ஜூலையில் வேறொரு கம்பெனி அவனைத் தேர்வு செய்தது. கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. திருவனந்தபுரத்தில் இரவு நிறுத்துவதற்கென்று ஒரு புது விமானம் வருகிறது. அது வந்து சேரும் தேதியில் பணியில் சேரலாம்.

இதில் ஒரு கெடுவும் இருந்தது. எஞ்சினியர் கையெழுத்துப் போடாமல் எந்த விமானமும் தரையை விட்டுக் கிளம்பாது. அந்தக் கையெழுத்துப் போடும் உரிமை நிற்க வேண்டுமானால், கடந்த இரண்டு ஆண்டுகளில் ஆறு மாதமாவது விமானத்தில் கைவைத்து வேலை செய்திருக்க வேண்டும். தம்பிக்கு அந்தக் கணக்கு நவம்பர் முப்பதோடு முடிகிறது. அதற்குள் வேலையில் சேர்ந்தால் எஞ்சினியர். தவறினால், இன்னொருவர் கையெழுத்தின் கீழ் மறுபடியும் முதலிலிருந்து மாதங்களைச் சேர்க்க வேண்டும்.

நான் இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு தமிழ் நாளிதழின் வணிகப் பக்கத்தில் உதவி ஆசிரியராக இருந்தவள். விமானக் கம்பெனிகள் நூற்றுக்கணக்கில் விமானம் வாங்கும் செய்திகளுக்கு நான் வைத்த தலைப்புகள் ஒரு நோட்டு நிறையும். மேடையில் இரண்டு பேர் கைகுலுக்குவார்கள். நடுவில் மேசைமேல் பொம்மை விமானம் நிற்கும். அந்தப் படத்தைப் பக்கத்தின் பாதி அகலத்துக்குப் போடுவோம். அந்த விமானங்கள் வந்து சேரப் பத்து வருடம் ஆகும் என்பது செய்தியின் கடைசிப் பத்தியில் இருக்கும். இடம் போதாதபோது முதலில் வெட்டுவது அந்தப் பத்தியைத்தான். நானும் வெட்டியிருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு வேண்டியது ஒரே ஒரு விமானம். தம்பியோடு முன்பு வேலை செய்த ஒருவர் அதன் தொழிற்சாலை எண்ணைச் சொன்னார். அந்த எண் தெரிந்தால் போதும். தொழிற்சாலை வேலிக்கு வெளியே நின்று படம் எடுத்துப் போடுவதையே பொழுதுபோக்காக வைத்திருக்கும் ஆட்கள் தொழிற்சாலை இருக்கும் அந்த வெளிநாட்டு ஊரில் உண்டு. ஆகஸ்ட் முதல் வாரத்தில் நான் தேடியபோது ஒரு படம் கிடைத்தது. பெயிண்ட் அடித்த வால், ஜன்னல் வரிசை, தம்பியைத் தேர்வு செய்த கம்பெனியின் நிறம்.

அந்த வாரம்தான் ஐதராபாத்தில் ஒரு பழுதுபார்ப்புக் கூடத்திலிருந்து வேலை வந்தது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் மூன்று வருடம், நடுவில் விட முடியாது.

"பெயிண்ட் அடிச்சாச்சு. வேலை முடிஞ்சாதான் பெயிண்ட் அடிப்பினும்," என்றேன். "ரெண்டு மாசத்துல வந்துரும். வீட்டுல இருந்து போய் வரக்கூடிய வேலைய விட்டுட்டு ஐதராபாத்துக்கா போவ?"

"உறப்பாட்டு சொல்லுதியா?"

"உறப்பாட்டுதான் சொல்லுதேன். சந்தேகமே இல்ல."

அந்தப் படத்தின் கீழ்ப்பாதி வேலிச்சுவரில் மறைந்திருந்தது. எஞ்சின் தெரியவில்லை. அலுவலகத்தில் ஒரு நிருபர் இப்படி ஒரு படத்தைக் கொண்டுவந்திருந்தால் மீதிப் பாதி எங்கே என்று கேட்டிருப்பேன். எஞ்சின்கள் வேறு கம்பெனியில் செய்யப்பட்டுக் கடைசியில் வந்து மாட்டப்படும் என்பதும், பெயிண்ட் அதற்கு முன்பே முடிந்துவிடலாம் என்பதும் தம்பிக்குத் தெரியும். ஆனால் செய்தி என்று வந்தால் அவன் என் பேச்சை நம்புகிறவன்.

கட்டை தொங்கிய படம் வந்த அன்றே அவன் ஐதராபாத்துக்குப் போன் செய்தான். அந்த இடம் சனிக்கிழமையே நிரம்பிவிட்டது. மற்ற கம்பெனிகளுக்கும் எழுதினான். எல்லாரிடமும் எஞ்சின் இல்லாமல் நிற்கும் விமானங்கள் இருந்தன; நிற்கும் விமானத்துக்கு எஞ்சினியர் தேவையில்லை.

மேற்கு வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக். மாலையில் வேலிப் பக்கம் வந்து நிற்பார். தம்பி அவரிடம் படத்தைக் காட்டினான். அவர் போனைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது எங்களுக்க டிப்போ கதைதான் மக்கா. எஞ்சின் இருக்கும். ஆனா ஒனக்கு வராது."

"ஏன் வராது?" என்று நான் கேட்டேன்.

"ஓடிட்டிருந்த வண்டி எஞ்சின் போயி நிக்குவுதுன்னு வையிங்க. ஆளுவ ஸ்டாண்டுல நின்னு ஏசுவினும். புது வண்டிய இன்னும் ஒருத்தனும் பாக்கல்ல, அதுக்கு எவன் ஏசுவான்? அப்பம் உள்ள எஞ்சின எதுல வெப்பினும்? பழசுலதான்."

அவர் சொன்னதை இரண்டு நாள் கழித்து ஓர் ஆங்கில இதழ் மூன்று பக்கத்தில் விளக்கியிருந்தது. புது எஞ்சின்களில் பெரும்பங்கு, ஏற்கெனவே ஓடி நின்றுபோன விமானங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது.

செப்டம்பரில் தம்பி வீட்டில் உள்ள ஒவ்வொன்றையும் பிரிக்கத் தொடங்கினான். மிக்சி, என் ஸ்கூட்டர், அம்மாவின் தையல் மெஷின். கெட்டுப்போகாதவற்றைத்தான் பிரித்தான். ஒரு சனிக்கிழமை கிணற்று மோட்டாரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினான். மாட்டிய பிறகு ஸ்பேனர்களைத் துணியில் வரிசையாக வைத்து எண்ணினான். பதினான்கு இருக்க வேண்டும், பதிமூன்றுதான் இருந்தது. மறுபடியும் மோட்டாரைக் கழற்றினான்.

"எலே, தண்ணி வருவுதுல்லா? பின்ன என்னத்துக்குக் கழத்துத?" என்று அம்மா கேட்டாள்.

"ஒண்ணு காணல்ல."

"காணல்லன்னா கடையில வாங்கு. அரி கழுவத் தண்ணி இல்ல இங்க."

"உள்ள கிடந்தா?"

"கிணத்து மோட்டார் பறக்கவா போவுது?"

அவன் மோட்டார் மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டுத் தேடினான். விமானத்தில் ஒரு டூல் குறைந்தால் அது கிடைக்கும்வரை விமானம் நகரக் கூடாது. மதியம் இரண்டு மணிக்கு அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் என் சமையலறை மேசை இழுப்பறையில் கிடைத்தது. குக்கர் கைப்பிடியை முறுக்க நான் எடுத்திருந்தேன். அவன் என்னைத் திட்டவில்லை. ஸ்பேனரைத் துடைத்து வரிசையில் வைத்தான். பிறகு நாள்காட்டித் தாளின் பின்பக்கம் மோட்டாரில் செய்த வேலையை எழுதி, நேரம் குறித்து, கையெழுத்துப் போட்டு, மோட்டார் அறைக் கதவில் ஒட்டினான்.

அம்மாவுக்கு அந்த விமானம் ஆஸ்பத்திரியில் கிடக்கும் சொந்தக்காரன் மாதிரி ஆகிவிட்டது. காலையில் எழுந்ததும் "அவனுக்கு எஞ்சின் வெச்சாச்சா?" என்று கேட்பாள். தம்பி இல்லை என்று தலையாட்டினால் மேற்கொண்டு ஒன்றும் கேட்கமாட்டாள்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் ஜெபக்குறிப்புகளை வாசித்தார். ஒருவருக்கு மூத்திரக்கல் ஆபரேஷன். ஒரு பெண்ணுக்கு நர்சிங் பரீட்சை. மூன்றாவது தாளைப் பிரித்தவர் ஒரு கணம் நிறுத்தினார். பிறகு அதே குரலில் வாசித்தார்: "சபையிலுள்ள ஒரு சகோதரி, விமானத்தின் இரண்டு எஞ்சின்களும் தாமதமின்றி வந்து சேர வேண்டுமென்று ஜெபிக்கக் கேட்டுக்கொள்கிறார்." கீழே தொழிற்சாலை எண்ணும் இருந்தது. அதையும் ஒவ்வொரு இலக்கமாக வாசித்தார். எண் சரியாகவே இருந்தது. சபை ஆமென் சொன்னது. தம்பி முன்பெஞ்சின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்ததும் பாடகர் குழுவில் உள்ள ஒருவர் அம்மாவைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு எஞ்சினாக்கும் கேட்டிருக்கு? ஒண்ணு கிட்டினா பறக்காதா?"

"கேக்கும்போ முழுசாத்தானே கேக்கணும்," என்றாள் அம்மா.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தம்பி எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தான். கேட்டைச் சாத்தியதும் வெடித்தான்.

"சபையில போயி எஞ்சின சொல்லுவியா? நாளைக்குப் பஸ்ஸுல கண்டக்டர் வரைக்கும் கேப்பான்."

"வேற ஆருகிட்ட சொல்ல? நீ கம்பெனிக்கு நாலு லெட்டர் எழுதின. ஒண்ணுக்காவது பதிலு தந்தானா?"

"என்னை அனுப்பியிருக்கணும் அம்மா. ஆகஸ்டுலேயே நான் போயிருக்கணும்."

இதைச் சொன்னபோது அவன் என் பக்கம் திரும்பவில்லை. நான் அடுப்பில் இருந்த மீன்குழம்பைப் பார்க்கப் போனேன். குழம்பு கொதித்து முடிந்திருந்தது.

நவம்பர் பத்தொன்பதாம் தேதி இன்னொரு படம் வந்தது. இந்த முறை நான்தான் முதலில் பார்த்தேன். போனில் பெரிதாக்கினேன், வால், ஜன்னல், சக்கரம், இறக்கை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மஞ்சள் கட்டைகள் இல்லை. இரண்டு எஞ்சின்களும் மாட்டப்பட்டிருந்தன. படம் எடுத்த தேதியைச் சரிபார்த்த பிறகுதான் தம்பியிடம் கொடுத்தேன்.

அவன் நீண்ட நேரம் பார்த்தான்.

"இனி எத்தன நாளு?" என்றேன்.

"ஓட்டிப் பாக்கணும். கம்பெனி ஆளுவ போயி ஒவ்வொண்ணா பாத்து வாங்கணும். பேப்பர் உண்டு. இங்க வந்து ரெஜிஸ்டர் பண்ணணும்." விரல் விட்டு எண்ணினான். "பத்து நாளுல கஷ்டிச்சு முடியலாம்."

"முப்பதுக்கு இன்னும் பதினொண்ணு இருக்கு."

"நீ இனி நாளு சொல்லாத எக்கா."

அதன்பின் நான் சொல்லவில்லை. அந்தப் பதினொரு நாளும் அவன் காலையில் பாறசாலை வரை நடந்துபோய்த் திரும்பி வந்தான். மாலையில் மொட்டைமாடியில் நின்று, மேற்கே கடற்கரைக்கு மேலாகத் தாழ்ந்து வரும் விமானங்களைப் பார்ப்பான். எது எந்தக் கம்பெனி, எந்த ரகம் என்று கேட்காமலே சொல்வான். முப்பதாம் தேதி மாலை மாடிக்குப் போகவில்லை. டூல் பையைத் திறந்து பதினான்கு ஸ்பேனருக்கும் எண்ணெய் தடவி வைத்தான்.

மேற்கு வீட்டுக்காரர் வேலிக்கு வந்தார். "வந்தா மக்கா?"

"வரல்ல."

"வரட்டு. வராம எங்க போவுது?" என்றார். பிறகு தன் வீட்டுக்குப் போனார்.

டிசம்பர் பதினொன்றாம் தேதி முற்பகல் பதினொன்று இருபத்தைந்துக்கு அது வந்தது. போனில் அதன் பாதையைப் பார்த்துக்கொண்டே மூவரும் மாடியில் நின்றோம். தென்னைகளுக்கு மேலே, கடல் பக்கமாக, வெளிச்சத்தில் வால் ஒருமுறை தெரிந்தது. அம்மா கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, "இவனாக்கும் நம்மளப் பாடுபடுத்தினவன்," என்றாள். தம்பி சிரித்தான். ஆகஸ்டுக்குப் பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

கம்பெனி சொன்ன சொல்லை மாற்றவில்லை. பதினைந்தாம் தேதி சேரச் சொல்லிக் கடிதம் வந்தது. அவனுடைய வேலைப் பதிவுகளைப் பார்த்திருந்தார்கள். ஆறு மாதத்துக்கு இரண்டு வாரம் குறைவு. ஆகவே டெக்னீஷியனாகச் சேர்த்துக்கொள்கிறோம், கையெழுத்து உரிமையை ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தது. அவன் கடிதத்தை மடித்து டூல் பையின் பக்க அறையில் வைத்தான். அம்மா அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திரக் காணிக்கை போட்டாள். போதகர் விமானத்தின் எண்ணை மறுபடியும் வாசித்தார்.

பதினாறாம் தேதி காலை முதல் ரயிலில் அவன் வீட்டுக்கு வந்தான். கையில் கிரீஸ் வாசனை இருந்தது. பால் விடாத கட்டன்சாயா குடித்துக்கொண்டே, வலது எஞ்சினில் ஒரு மூடியின் பூட்டு சரியாக உட்காரவில்லை, தானே அதைக் கண்டுபிடித்ததாகச் சொன்னான். அதைச் சரிசெய்ய ஒன்றரை மணி நேரம் ஆனது. டூல்களை இரண்டு முறை எண்ணினான். விமானம் காலை ஐந்து ஐம்பதுக்கு, நேரத்துக்கே கிளம்பியது.

வேலைத்தாளில் கையெழுத்துப் போட்டவர் கொச்சியிலிருந்து முந்தைய நாள் மாலை வந்திருந்த வேறொரு எஞ்சினியர்.