மோகனராஜ் மச்சான் முடிக்காத நாவல்

மோகனராஜ் மச்சான் பஸ்ஸை எடுக்கும் முன் உள்கண்ணாடியை இரண்டு முறை சரிசெய்வார். முதலில் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து, மேல் விளிம்பிலிருந்து கீழே ஒரே இழுப்பில் துடைத்து, பின்னால் வரும் வண்டிகள் தெரிகிற மாதிரி திருப்புவார். துணியை மடித்துப் பையில் வைத்த பிறகு, ஆட்காட்டி விரல் நுனியால் கண்ணாடியின் கீழ் மூலையைத் தொட்டு மயிரிழை அளவு தள்ளுவார். இந்த இரண்டாவது தள்ளலுக்கும் சாலைக்கும் சம்பந்தமில்லை. மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் என் அக்கா லோகேஸ்வரி உட்கார்ந்திருப்பாள். தன் பெண்டாட்டி முகம் கண்ணாடியில் விழுந்த பிறகுதான் அவர் கியர் போடுவார்.

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிகளிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ் அது. அக்காவுக்கு அங்கே உற்பத்திப் பிரிவில் வேலை, எனக்கு ஸ்டோரில். வேலை முடிந்து திரும்பும்போது வழியெல்லாம் ஆட்கள் இறங்கிப் பஸ் காலியானதும், அக்கா எழுந்து முன்னிருக்கைக்குப் போவாள். சூப்பர்வைசர் யாரைத் திட்டினான், கேன்டீனில் யார் யாரோடு பேசவில்லை என்று சொல்லிக்கொண்டே வருவாள். மச்சானிடமிருந்து "அப்புறம்?" என்ற ஒரு சொல்தான் வரும். கடைசி வரிசையில் கவிதைப் புத்தகத்தோடு இருக்கும் என்னை இரண்டு பேருமே கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் அவர் நாள் முழுக்க வண்டி ஓட்டினார் என்பது பின்னாலிருந்து பார்த்தவனுக்குத் தெரியும். சிவப்பு விளக்கில் நிற்க வேண்டி வந்தால் அவர் தோள் தளர்ந்து கீழிறங்கும். அவருக்கு அது சந்தோஷம்.

போன வருஷம் அக்காவுக்குப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மை மறுபடி எழுத ஆசை வந்தது. பாலர் பள்ளி ஆசிரியை ஆக வேண்டும் என்பது அவளுடைய பழைய எண்ணம். மற்ற பாடங்களோடு தமிழ் இலக்கியமும் எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் டவுனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் வகுப்பு. ருக்குமணி டீச்சர் முதல் நாளே ஒரு நாவலைக் கையில் கொடுத்து, முழுதும் படித்துவிட்டு வாருங்கள், பரீட்சை வைப்பேன் என்று சொல்லிவிட்டார்.

நூறு வருஷத்துக்கு முந்திய தமிழ்நாட்டு நாவல். வாக்கியம் ஒரு பக்கத்தில் கிளம்பினால் அடுத்த பக்கத்தில்தான் போய் நிற்கும். சபேசன் என்று ஒரு குமாஸ்தா, அவனுக்கு நிச்சயம் பண்ணிய வடிவாம்பாள், ஒரு கிணற்றுக்காக இரண்டு குடும்பத்துக்கும் நடக்கும் வழக்கு, நடுவில் அவன் ரங்கூனுக்குக் கப்பலேறிவிடுகிறான். அக்காவால் மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்ட முடியவில்லை. புத்தகத்தைத் திறந்தால் கொட்டாவி வந்தது. என்னைப் படித்துச் சொல்லச் சொன்னாள். நான் நாவல் படிப்பதில்லை, கவிதைதான் என்று முனகினேன்.

"ஆமா, உன் புத்தகத்துல பாதிப் பக்கம் காலி. வெள்ளைத்தாள காசு குடுத்து வாங்குற ஆளு நீ" என்றாள்.

அவளுக்குக் கை கொடுத்தவர் வகுப்பில் கூடப் படித்த முஸ்தஃபா. டவுனில் அவர் குடும்பத்துக்குச் சோறும் கறியும் விற்கும் நாசி கண்டார் கடை இருக்கிறது. இவர் கல்லாவில் உட்காருவார். சின்ன வயதில் கடைக்காகப் படிப்பை விட்டவர், நல்ல குரல். வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஓர் அத்தியாயத்தைத் தன் பேச்சில் கதையாகச் சொல்லிக் குரல்பதிவாக அனுப்ப ஆரம்பித்தார். எல்லாருக்கும்தான் அனுப்பினார். பதில் போட்டது அக்கா மட்டும். மூன்றாவது வரிசையில் காதில் இயர்போனோடு கேட்டு முடித்துவிட்டு, போனை வாயருகே கொண்டுபோய்ச் சொல்வாள்: "அண்ணே, அப்புறம்?"

முதல் தடவை அதைக் கேட்டபோது மச்சான் பிரேக்கைக் கொஞ்சம் வேகமாக மிதித்துவிட்டார். பின்னால் நின்றிருந்த ஒரு நேப்பாளப் பெண் சீட்டுக் கம்பியில் இடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு பஸ் காலியானாலும் அக்கா முன்னிருக்கைக்குப் போகவில்லை. மச்சான் கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டு ஓட்டுவார். அவள் புன்னகைத்தால் அவர் முகம் இறுகும், கண்ணைத் துடைத்தால் இன்னும் இறுகும். வீட்டில் சாப்பிடும்போது, அந்தக் கண்டார்க்காரனுடைய குரல் கோழிப் பொரியல் மாதிரி எண்ணெய் வழிகிறது என்றார். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. கதையைத்தானே கேட்கிறேன் என்று மட்டும் சொன்னாள். அவருக்கு அதுதான் வலித்தது. பெண்டாட்டி தப்பான வழியில் போகிறாள் என்ற சந்தேகமெல்லாம் அவருக்கு இல்லை. இன்னொருத்தன் சொல்ல அவள் கேட்கிறாள், அவ்வளவுதான். அந்த இடம் தன்னுடையது என்று அவர் நினைத்தார்.

ஒரு நாள் டவுனுக்குப் போய் அதே நாவலில் இன்னொரு பிரதி வாங்கி வந்தார். தானே படித்து முஸ்தஃபாவுக்கு முன்னால் சொல்லிவிடுவது என்று முடிவு. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர், அதற்குப் பிறகு கோயில் நோட்டீஸ் தவிர எதையும் முழுதாகப் படித்ததில்லை. தொழிற்சாலை வாசலில் ஷிப்ட் விடுவதற்காகக் காத்திருக்கும்போது ஸ்டீயரிங்கில் புத்தகத்தைச் சாய்த்து, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். நான் சீக்கிரம் வந்து ஏறினால் சந்தேகம் கேட்பார்.

"தம்பி, தாசில்தார்னா யாரு? நம்ம ஊரு பெங்ஹூலு மாதிரியா?"

கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். "அப்ப நேரா சொல்லலாம்ல" என்று நூறு வருஷத்துக்கு முந்தி எழுதியவரிடம் கோபித்துக்கொண்டார்.

பாடுபட்டு ஐந்தாம் அத்தியாயத்தை முடித்து, அன்று சாயங்காலமே அக்காவிடம் கிணற்றில் தண்ணீர் எடுக்கப் போன வடிவாம்பாளை ஆட்கள் தடுத்த கதையை ஆரம்பித்தார். அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே, அது போன வாரமே முஸ்தஃபா அண்ணன் சொல்லியாயிற்று என்றாள். இவர் ஓர் அத்தியாயம் நகர்வதற்குள் அங்கே நாலு அத்தியாயம் ஓடிவிடும். வழக்கு விசாரணை வந்ததும் மச்சான் அப்படியே சிக்கிக்கொண்டார். வக்கீல்கள் பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள்.

அந்தச் சமயத்தில் திடீரென்று முஸ்தஃபாவின் குரல் நின்றது. கடையில் வேலை அதிகம், கடைசி அத்தியாயங்களை அவரவர் படித்தால்தான் ருசி என்று குழுவில் எழுதிப் போட்டார். சபேசன் ரங்கூனிலிருந்து கப்பலேறியிருந்த இடம் அது. அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதுவரை தூக்க மாத்திரையாக இருந்த புத்தகத்தைத் தானே எடுத்தாள். வேலை முடிந்து வந்து, குளித்து, தரையில் உட்கார்ந்து, கொட்டாவி விடாமல் படித்தாள். பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தது. மச்சான் அதைக் கதவருகே நின்று பார்த்தார்.

மறுநாள் இரவுச் சாப்பாட்டில் அவர் முகம் பளிச்சென்று இருந்தது. ரசத்தை ஊற்றிக்கொண்டே, "கப்பல் முழுகிடுச்சு. சபேசன் வர மாட்டான். வடிவு அந்தக் கெணத்துலயே விழுந்துட்டா. அவ்ளதான் கதை" என்றார்.

அக்காவின் கை தட்டிலேயே நின்றது.

"யாரு கேட்டா உங்கள?" என்றாள். "இப்பத்தான் நானா படிக்கிறேன். முஸ்தஃபா அண்ணனே நீங்களா படிங்கன்னு விட்டுட்டாரு. நீங்க எதுக்குச் சொன்னீங்க?"

"அவன் சொன்னா இனிக்குது. நான் சொன்னா கசக்குதா?"

அக்கா தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள். புத்தகத்தை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் போட்டாள். இனிமேல் அதைப் படித்து என்ன, செத்தவர்களுக்காக யார் பரீட்சை எழுதுவது என்று என்னிடம் சொன்னாள். மறுநாள் பஸ்ஸில் மூன்றாவது வரிசையை விட்டு என் பக்கத்தில், கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தாள். மச்சான் கண்ணாடியை எப்படித் திருப்பியும் அவள் முகம் கிடைக்கவில்லை. எல்லாரும் உட்கார்ந்த பிறகும் பஸ் கிளம்பாமல் நின்றது. "அண்ணே, ஜாலான்லா, வண்டிய எடுங்க" என்று முன்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

வெள்ளிக்கிழமை மழை. வண்டிகள் அசையவில்லை. பரீட்சையில் வெறும் தாளைக் கொடுக்க வெட்கமாக இருக்கிறது என்று அக்கா நாவலைக் கைப்பையில் கொண்டு வந்திருந்தாள். வெறுப்போடுதான் திறந்தாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் பக்கம் புரட்டும் வேகம் மாறியது. கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு எழுந்து, கம்பிகளைப் பிடித்துக்கொண்டே முன்னால் போனாள்.

"கப்பல் முழுகவே இல்லையே" என்றாள்.

மச்சான் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது.

"சபேசன் வந்துட்டான். வடிவுதான் அவனக் கட்டிக்க மாட்டேன்னுட்டா. கெணத்த ஊருக்கே எழுதி வெச்சுட்டா. நீங்க எந்தப் புத்தகத்துல படிச்சீங்க?"

அவர் காது சிவந்தது பின்னாலிருந்தே தெரிந்தது. விஷயம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது. வழக்கு விசாரணையைத் தாண்ட முடியாமல், முஸ்தஃபாவின் கடைக்கே போயிருக்கிறார். ஒரு தட்டுச் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கல்லாவில் காசு கொடுக்கும்போது கதை எப்படி முடிகிறது என்று கேட்டிருக்கிறார். எவனைப் பார்த்து வயிறு எரிந்தாரோ அவனிடமே. முஸ்தஃபா கொஞ்சம் யோசித்துவிட்டுக் கப்பலை மூழ்கடித்திருக்கிறார்.

அக்கா டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மச்சானால் சிரிக்க முடியவில்லை.

"வேணும்னேதான் பண்ணியிருக்கான். உன் முன்னால என்ன முட்டாளாக்கணும்னு."

 அதைக் கேட்டதும் அக்காவுக்கும் முஸ்தஃபா மேல் கோபம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் பரீட்சை எழுதினாள். முஸ்தஃபா வரவில்லை. பார்த்துப் பேசப் பயந்துவிட்டான் என்றார் மச்சான். அவருடைய பிரதி விசாரணைப் பக்கத்திலேயே மடங்கி, பஸ்ஸின் பெர்மிட் தாள்களுக்கு அடியில் கிடக்கிறது. அக்கா இப்போது முன்னிருக்கையில்தான் வருகிறாள். இருந்தாலும் போனில் முஸ்தஃபா பெயர் வந்தால் அவர் இன்னும் எட்டிப் பார்க்கிறார்.

தைப்பூசம் முடிந்த வாரம், தண்ணீர்மலைக் கோயில் பக்கம் ஒரு வேலையாகப் போய்விட்டு டவுன் வழியாகத் திரும்பும்போது, அந்தக் கடையில் சோறு கட்டி வாங்க நின்றேன். முஸ்தஃபா கறிப் பாத்திரங்களுக்குப் பின்னால் இருந்தார். அக்காவை வகுப்பில் விடப் போனபோது என்னைப் பார்த்திருந்ததால், லோகேஸ்வரியின் தம்பிதானே என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டார். கல்லாவில் அவர் மனைவி மஹ்பூபா இருந்தார். அக்காவின் பெயரைக் கேட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"ஓ, அந்த அக்காவோட தம்பியா நீங்க?" என்றார். "கோவிச்சுக்காதீங்க தம்பி. வீட்ல எங்கிட்ட நாலு வார்த்தை பேசாத மனுஷன், ராத்திரியானா போன எடுத்துக்கிட்டு மணிக்கணக்கா கதை சொன்னா எனக்கு எப்படி இருக்கும்? புத்தகத்தப் புடுங்கி அலமாரில வெச்சுப் பூட்டிட்டேன்."

கடைசி அத்தியாயங்களை முஸ்தஃபா படிக்கவே இல்லை.