சாரம்மாளின் எடை

பேட்டை நிலாவரைக் கிட்டங்கியில் நேசையா பார்த்த வேலை, யாரையும் நம்பாமல் இருப்பது. சம்பளம் மட்டும் நிறுவைக்காரர் என்ற பெயரில் வந்தது. நிலாவரை என்பது வயிற்றை இளக்கும் இலை. நம் மானாவாரிக் காட்டில் விளைந்து, தூத்துக்குடியில் கப்பலேறி, சீமையில் அளவுக்கு மேல் சாப்பிட்டவர்களிடம் போய்ச் சேரும். விளைவித்தவர்களுக்கு அந்த மருந்து தேவைப்பட்டதாகத் தெரியவில்லை.

இலையை விளைவித்துப் பொதியாகக் கட்டி விற்கக் கொண்டுவரும் சம்சாரிகள் வரும் வழியிலேயே அதன் மேல் தண்ணீர் தெளித்துக் கனமாக்கிவிடுவார்கள். நேசையா பொதிக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவுவார், விரலை முகர்ந்து பார்ப்பார்.

"இதுல ரெண்டு ராத்தல் தாமிரவருணி இருக்கு வே. தள்ளிட்டுத்தான் எழுதுவேன்."

காயவைத்து நிறுத்தால் அவர் தள்ளியது சரியாக இருக்கும். முதலாளிக்கு அவர் மேல் மரியாதை, சம்சாரிகளுக்குப் பயம், வேதக்கோயிலில் நல்ல பெயர். பொய் சொல்லாத மனுஷன் என்று பாதிரி ஐயர் பிரசங்கத்திலேயே ஒருமுறை ஜாடையாகச் சொன்னார்.

சீமைச் சண்டை மூன்று வருஷத்தைத் தாண்டியபோது ரங்கூன் அரிசி வரத்துக் குறைந்து விலை ஏறிற்று. நேசையா அரிசிப் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். கஞ்சத்தனம் என்று சொல்ல முடியாது. காலையில் கிட்டங்கிக்குப் புறப்படுமுன் உழக்கால் அளந்து, விரலால் தலைதட்டி, தமக்கும் மனைவி சாரம்மாளுக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் ஒரே அளவாகப் போட்டுவிட்டுப் போவார். ஊரில் பல வீடுகளில் பெண்டாட்டிக்குச் சட்டியில் ஒட்டியதுதான். இவர் வீட்டில் சமபங்கு. விலை ஏற ஏற எல்லார் பங்கும் ஒரே மாதிரி இறங்கியது. அதிலும் நியாயம் தவறவில்லை.

அந்தச் சமபங்கில் ஒரு பங்காளியின் பேர் மட்டும் விட்டுப்போயிற்று. நம் சபைப் பெண்கள் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி அள்ளித் தனிக் கலயத்தில் போடுவது வழக்கம். ஞாயிற்றுக்கிழமை அது பிடியரிசியாகக் கோயிலுக்குப் போகும். சாரம்மாளும் கல்யாணமான நாள் முதல் தவறாமல் போட்டு வந்தாள். பெட்டி திறந்திருந்த காலத்தில் அந்தப் பிடி யாருடையது என்ற கேள்வி எழவில்லை. பூட்டிய பிறகு எழுந்தது. பிள்ளைகள் தட்டில் கைவைக்க அவளால் முடியாது. புருஷன் தட்டில் குறைந்தால் அவர் கண்டுபிடித்துவிடுவார். ஆகவே இரண்டு வேளையும் அவள் பங்கிலிருந்தே பிடி போயிற்று. அவள் யாரிடமும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் அளந்த நேசையாவோ கோயிலுக்குப் போவதை மட்டும் அளக்கவில்லை. கர்த்தருக்குக் கொடுப்பதை அளப்பது மரியாதை இல்லை என்பது அவர் கொள்கை.

முதலில் கவனித்தது பிடியரிசி தண்டிக் கோயிலுக்குக் கொண்டுபோகும் பக்கத்து வீட்டுப் பாக்கியவதி.

"அண்ணாச்சி, சாராளுக்கு வளையலு முழங்கைக்கு ஏறுது. எலும்புதான் மிச்சம். என்னன்னு பாக்கப்படாதா?"

"கண்ணு சொல்லுததை எப்படி நம்ப? நிறுத்துப் பாத்திருவோம்."

சனிக்கிழமை சாயங்காலம் கிட்டங்கியில் வேலை ஒழிந்த பிறகு மனைவியை அழைத்துப்போனார். அங்கே ஆள் ஏறி நிற்கிற மாதிரி இரும்புப் பலகை வைத்த தராசு ஒன்று இருந்தது. அது புதிதாக வந்திறங்கிய நாளில் அவளை நிறுத்திருந்தார். நூற்றிரண்டு ராத்தல் என்பது அவர் மனசில் இருந்தது. சாரம்மாள் வெட்கத்தில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். சுமைக்காரன் இசக்கியப்பன் சிரித்தான்.

"பயப்படாம ஏறுங்க அக்கா. எத்தனையோ பொதியைத் தாங்குன தராசு, ஒங்களைத் தாங்காதா?"

"நீ சும்மா கெடலே," என்று நேசையா தராசுக் குண்டை நகர்த்தினார். சேலைக்கென்று இரண்டு ராத்தல் தள்ளினார். நூறு நின்றது.

"ரெண்டு ராத்தல். இதுக்கா இந்தக் கூப்பாடு?"

வீட்டிலிருந்து கிட்டங்கி வரை தலைசுற்றாமல் நடப்பதற்காக அவள் இரண்டு செம்பு நீராகாரம் குடித்துவிட்டு வந்ததை அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. குறைந்துபோன சோறு வயிற்றுக்கு அன்றைக்கே தெரியும். வளையலுக்குக் கொஞ்ச நாள் ஆகும், பக்கத்து வீட்டுக்காரிக்கு இன்னும் கொஞ்சம். தராசுக்குத்தான் கடைசியில் தெரியும். தெரிந்தாலும் அது ஒரு வாரம் சொல்லும், மறுவாரம் இல்லையென்று மறுக்கும். சாட்சிகளில் இப்படிப்பட்டவனைக் கோர்ட்டுக் கச்சேரியில் யாரும் நம்புவதில்லை. நேசையா நம்பினார்.

பிறகு சனிதோறும் நிறுவை நடந்தது. ஒருமுறை தொண்ணூற்றேழுக்கு இறங்கிற்று. அன்று ராத்திரி இடுப்புச் சாவியைத் தடவிப் பார்த்தார். நாளைக்கு ஒரு ஆழாக்கு கூடப் போட வேண்டும் என்று நினைத்தார். மறுநாள் பார்க்கலாம், மறு சனிக்குப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளினார். மறு சனி தொண்ணூற்றொன்பது. ஆழாக்கு பெட்டியிலேயே இருந்துவிட்டது. மழை தொடங்கிய மாசத்தில் எடை நூற்று மூன்றுக்கு ஏறியது.

"நூத்திமூணு! கல்யாணத்துக்கு வந்தப்பகூட இவ இத்தனை கனமில்லே," என்று பாக்கியவதியிடம் போய்ச் சொன்னார். "இனி வளையலைக் கொண்டுட்டு எங்கிட்ட வராதே."

இசக்கியப்பன் மட்டும் தலையைச் சொறிந்தான்.

"அக்கா காலு பொதபொதன்னு இருக்கே அண்ணாச்சி."

"சதை போட்டா ஒனக்கு அப்படியா தெரியுது? போலே, சோலியைப் பாரு."

கிறிஸ்மஸுக்கு முந்தின அட்வெந்து மாசத்து ஆராதனையில் முழங்காலில் நின்ற சாரம்மாள் எழுந்திருக்கவில்லை. நாலு பெண்கள் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். நேசையா ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் பாளையங்கோட்டையில் ஒரு மருந்துச் சாலைக்குக் கொண்டுபோனார். அங்கே மருந்து கட்டும் டிரெசர் தானியேல் அவள் முழங்காலுக்குக் கீழே பெருவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். விரல் போன இடம் குழியாகவே நின்றது.

"சதை இல்ல அண்ணாச்சி, தண்ணி. உள்ள இருந்தது கரைஞ்சு போச்சு. அந்த எடத்துல தண்ணி கோத்துக்கிட்டிருக்கு. பட்டினி கெடந்தாங்களா?"

நேசையா குனிந்து தம் விரலையும் வைத்து அழுத்திப் பார்த்தார். பக்கத்தில் இன்னொரு குழி விழுந்தது. பொதி பொதியாய் இலையில் ஈரத்தைத் தொட்டுச் சொன்ன விரல் அது. சனிதோறும் சேலைக்குத் தள்ளியிருக்கிறார். இதற்குத் தள்ளவில்லை.

"எத்தனை ராத்தல் இருக்கும்?" என்று கேட்டார்.

"இருபதுக்குக் கொறையாது."

நேசையா மனசில் கழித்துப் பார்த்தார். எண்பத்துமூன்று நின்றது.

திரும்பும்போது வண்டியில் கேட்டார்: "நான் அளந்து போட்ட அரிசி எங்கட்டி போச்சு?"

"கோயிலுக்கு."

"ஒரு பிடி கூடக் கேட்டிருந்தா மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

"கேட்டு வாங்கிக் குடுத்தா அது ஒங்க காணிக்கைல்லா? எனக்குன்னு இருந்தது என் தட்டுச் சோறுதான்."

வண்டி பாலத்தில் ஏறியது. கீழே ஆறு செந்தண்ணியாக ஓடிற்று.

மருந்துச் சாலையிலிருந்து அவர்கள் புறப்படும்போது தானியேல் ஒரே புத்தி சொல்லியிருந்தார்: "சாப்பாடு பைய குடுங்க. எடுத்த எடுப்புல நெறையக் குடுத்திராதீங்க, ஒடம்பு தாங்காது." நேசையா வீட்டுக்கு வந்ததும் பெட்டிச் சாவியை உத்தரத்தில் மாட்டினார். உழக்கைத் தேடவேயில்லை. கையால் அள்ளி அள்ளி உலையில் போட்டார். நெய்ச்சோறு, முட்டை, ஆட்டுக்கால் ரசம், கருப்பட்டிப் பணியாரம் என்று வந்தது. பாக்கியவதியும் தன் பங்குக்கு ஒரு கோழியை அறுத்தாள். நேசையாவே பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினார்.

"இன்னும் ஒரு கை. எனக்காக."

சாரம்மாள் மறுக்கவில்லை. மாசக்கணக்கில் அடக்கி வைத்த பசி அது. அவள் சாப்பிட்டதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தன. வீட்டில் வெகுநாளைக்குப் பிறகு சத்தம் கேட்டது. ஆனால் வீக்கம் வடியவில்லை, மேலே ஏறியது. படுத்தால் மூச்சு முட்டிற்று. அடுத்த ஞாயிறு வருமுன், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே, வாயில் வாங்கிய கவளத்தை விழுங்காமல் போய்விட்டாள்.

பட்டினியில் சாகாதவள் சோற்றில் செத்தாள் என்று பேட்டையில் பேசிக்கொண்டார்கள். அவளுக்கு வேளை வந்துவிட்டது என்று ஐயர் சொன்னார். நேசையா இரண்டையும் கேட்டுக்கொண்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் தனியாகப் பாலத்தைத் தாண்டி மருந்துச் சாலைக்குப் போனார். தானியேல் யாருக்கோ கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். முடியும் வரை நின்றார்.

"பைய குடுங்கன்னு சொன்னீரு," என்றார். "எவ்வளவுன்னு சொல்லலியே வே."

தானியேல் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அதுக்கு எனக்கும் அளவு தெரியாது அண்ணாச்சி," என்றார். அடுத்த ஆளை வரச் சொன்னார்.