சிபாரிசு கிடைக்காத நடுமரம்

அரூரில் தையல் கடை வைத்திருந்த என் அக்கா மாதம்மாளுக்குத் துணி வீணாவது பிடிக்காது. ரவிக்கைத் துணியில் சாண் அகலம் மிச்சம் விழுந்தாலும் அன்று முழுக்க முகம் வாடியிருப்பாள். வீட்டுக்குப் பின்னால் மூன்று பட்டர் ஃப்ரூட் கன்றுகள் வைத்தபோதும் அதே புத்திதான். இருபத்தைந்தடி இடைவெளி விடச் சொன்னார் நர்சரிக்காரர்.

"அவ்ளோ எடத்த சும்மா போட எனக்கென்ன பைத்தியமா?" என்று பத்தடிக்கு ஒன்றாக நட்டுவிட்டாள்.

மரங்கள் ஒன்றுக்குள் ஒன்று கிளையை நுழைத்துக்கொண்டு, வெயில் தேடி மேலேயே போயின. உச்சியில் பூத்தது, உதிர்ந்தது. ஒரு காய் இல்லை. நடுமரத்தை எடுத்துவிடலாம் என்று நான் சொன்னால் இரண்டு நாள் பேசமாட்டாள்.

அவளிடம் வேறு வைத்தியம் இருந்தது. காய்க்காத புளியமரத்துக்கு எங்கள் பக்கம் செய்வது. ஒருவர் கொடுவாளோடு மரத்தை மிரட்ட வேண்டும், இன்னொருவர் அதற்காகக் கெஞ்ச வேண்டும். மரம் பயந்து காய்க்கும். கெஞ்சுவதற்குப் பக்கத்து வீட்டுச் சந்திரமோகனைக் கூப்பிட்டாள். அவருடைய மாடியில்தான் இந்த மரங்களின் சருகெல்லாம் விழுகிறது என்பதை மறந்துவிட்டாள்.

"காய்க்காத உன்ன வெச்சு என்ன பண்றது? வெட்டிப் போட்டுர்றேன்!" முதல் மரத்தின்மேல் வாளை ஓங்கினாள்.

"வேணாங்க்கா, பாவம். வர்ற வருசம் காய்க்குங்க."

நடுமரத்துக்கு ஓங்கினாள். சந்திரமோகன் வாயே திறக்கவில்லை.

"ஏம்ப்பா, கெஞ்சு!"

"இதுக்கு மனசு வரலீங்க. வெட்டிருங்க."

"அடப்பாவி! அதுக்குக் காது கேக்கும்டா!"

"கேக்கட்டுங்க. பக்கத்துல ரெண்டும் சந்தோசப்படும்."

சிபாரிசு இல்லாமல் வாளை இறக்கினால் அப்புறம் எந்த மரமும் தன்னை மதிக்காது என்று அக்கா நினைத்தாள். ஆள் வைத்து நடுமரத்தை வெட்டினாள். மற்ற இரண்டின் உச்சியையும் கழித்தாள். திடீர் வெயிலில் பட்டை வெந்துவிடாதபடி அடிமரத்துக்குச் சுண்ணாம்பு அடித்தாள்.

"மரத்துக்குப் பொங்கலுங்களா?" என்றார் சந்திரமோகன்.

"வா, உன் நாக்குக்கும் ரெண்டு கோட்டிங் அடிக்கறேன்."

இரண்டாம் வருடம் கீழ்க்கிளையிலேயே, கைக்கு எட்டும் உயரத்தில் காய்த்தது. மிரட்டியவளுக்கா, கெஞ்சியவருக்கா என்று ஒரு வாரம் சண்டை. கடைசியில் ஆளுக்கொரு மரம் பிரித்துக்கொண்டார்கள்.

அக்கா போய்ச் சேர்ந்த பிறகு வந்த முதல் காய்ப்பு இது. அவள் மரத்தில் கிளை வளைந்து கிடக்கிறது. பறித்துக்கொள்ளச் சொன்னேன்.

"நீங்களே பறிங்க," என்றார் சந்திரமோகன். "எனக்குப் பயமா இருக்குதுங்க."